புஸ்ஸுங்குற சத்தமும் ஜி.டி. நாயுடுவும்

பேரையூர்ல எங்க பெரியப்பா பஞ்சர் கடை வெச்சிருந்தார். தகர ஷெட், வாசல்ல தொங்குற ஒரு பழைய டயர், மூலையில 2 ஹெச்.பி. காத்து மிஷின். ஸ்கூல் லீவு விட்டா நான் அங்கேதான் கிடப்பேன். வண்டி எதுவும் நிக்காத நேரத்துலயும் ஹோஸ் பைப் மாட்டுற இடத்துல இருந்து மெல்லிசா புஸ்ஸுனு ஒரு சத்தம் வந்துக்கிட்டே இருக்கும். கொஞ்ச நேரத்துல மோட்டார் தானா ஓட ஆரம்பிக்கும், டேங்க் நிறையும், நிக்கும். மறுபடி புஸ். மறுபடி மோட்டார். கடை மூச்சு விடுதுன்னு நான் நினைச்சுக்குவேன். பெரியப்பா அதைக் கண்டுக்கவே மாட்டார். காத்து போனா போகுது, காத்துக்கு யாரு காசு குடுக்கப் போறா?

காத்துக்கு அவர் காசு குடுத்துக்கிட்டேதான் இருந்தார், கரண்ட் பில்லுல. இது எனக்கு உறைக்க மெக்கானிக்கல் ஃபைனல் இயர் வர வேண்டியிருந்துச்சு. அப்போ கடையும் இல்ல, பெரியப்பாவும் இல்ல.

அந்தச் சத்தத்தை இப்போ எங்க கேட்டாலும் எனக்கு ஒருத்தர் ஞாபகம் வர்றார். நான் பிறக்குறதுக்கு 30 வருஷம் முன்னாடியே இறந்துபோனவர். அவரைப் பத்தி நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. இந்தியாவின் எடிசன்னு ஸ்கூல் பேச்சுப் போட்டியில யாராவது சொல்லியிருப்பாங்க. மார்ச் 23 அவர் பிறந்தநாள்ங்கறதால இந்த இதழ்ல அவரைப் பத்தி எழுதுறேன். அவர் கண்டுபிடிச்ச சாமான்களோட லிஸ்ட் போட்டு முடிச்சுட மாட்டேன். அவர் தோத்துப்போன ஒரு வாதத்தைப் பத்திச் சொல்லணும். அது உங்களையும் என்னையும் பத்தின வாதம்.

ஒரு மோட்டார் சைக்கிள்

கோபாலசாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் உள்ள கலங்கல் கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். படிப்பு ஏறவில்லை. ஆரம்பப் பள்ளியோடு அவருக்கும் பள்ளிக்கூடத்துக்குமான உறவு முடிஞ்சுபோச்சு. வகுப்பில் உட்கார முடியாத பையன், ஊருக்குத் தொல்லை. இன்னைக்கு அப்படி ஒரு பையன் நம்ம தெருவுல இருந்தா அவனைப் பத்தி என்ன பேசுவோம்னு யோசிச்சுப் பாருங்க.

அப்புறம் அந்த மோட்டார் சைக்கிள் வந்துச்சு. வருவாய்த் துறையில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி ரட்ஜ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி வண்டியில் அந்தப் பக்கம் வந்தார். மாடும் குதிரையும் இல்லாம ஓடுற வண்டியை நாயுடு பார்த்தது அதுதான் முதல் தடவை. ஓட்டிப் பாக்கணும்ங்கற ஆசை எல்லாருக்கும் வரும். இவருக்கு அது எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சே ஆகணும்னு வந்துச்சு. ஊரை விட்டுக் கிளம்பி கோயம்புத்தூரில் ஒரு ஹோட்டலில் சர்வராகச் சேர்ந்தார். சுமார் மூன்று வருஷம் டேபிள் துடைச்சு, காபி கொண்டு போய்க் கொடுத்து 400 ரூபாய் சேர்த்தார். அதே மாதிரி வண்டியை 300 ரூபாய்க்கு வாங்கினார்.

வாங்கி, ஓட்டிச் சுத்தாமல், பிரிச்சுப் போட்டார். ஒவ்வொரு நட்டும் எங்கே இருந்துச்சு, எதுக்காக இருந்துச்சுன்னு பார்த்து மறுபடியும் மாட்டினார். புத்தகம் இல்ல, வாத்தியார் இல்ல, செமஸ்டர் இல்ல. அவரோட இன்ஜினியரிங் படிப்பு அவ்வளவுதான்.

நம்ம கதை என்ன? தேர்ட் இயர்ல ஐ.சி. இன்ஜின் லேப்ல 12 பேர் சுத்தி நின்னு, ஒருத்தன் ஸ்பேனர் பிடிக்க, மீதி 11 பேர் போன் பார்த்தோம். பொய் சொல்லாதீங்க, நீங்களும்தான்.

பொள்ளாச்சி டூ பழனி

நடுவில் பருத்தித் தொழில் செய்து பார்த்தார். சம்பாதிச்சார், விட்டார். கடைசியில் மோட்டார் வண்டிகளிடமே திரும்பி வந்தார். கோவையில் ஸ்டேன்ஸ் கம்பெனி நடத்திக்கொண்டிருந்த ராபர்ட் ஸ்டேன்ஸ் இவரிடம் ஏதோ இருக்கிறது என்று கண்டுகொண்டு உதவி செய்தார். 1920-ல் நாயுடு ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே அதைத் தானே ஓட்டினார்.

அந்தக் காலத்து ரோடும் டயரும் எப்படி இருந்திருக்கும்னு பஞ்சர் கடையில வளர்ந்த எனக்குத் தோணுது. லாடத்து ஆணி, கருங்கல் ஜல்லி, வெயில். பழனி முருகனைப் பாக்கப் போற கூட்டம் உள்ளே. வழியில வண்டி நின்னா டிரைவரும் இவரே, மெக்கானிக்கும் இவரே. ஒரு பஸ் சில வருஷங்களில் பல பஸ்களானது. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யூ.எம்.எஸ். நாட்டிலேயே ஒழுங்காக நடந்த பஸ் நிறுவனங்களில் ஒன்று என்று பேர் வாங்கியது. 200-க்கும் மேல பஸ். அத்தனை பஸ்ஸும் நேரத்துக்குப் போகணும்னா அத்தனை பஸ்ஸுக்கும் கை தேர்ந்த ஆள் வேணும். இன்ஜினைத் திறந்தா பயப்படாத ஆள், சத்தத்தை வெச்சே கோளாறைச் சொல்ற ஆள்.

அப்படிப்பட்ட ஆட்களை அவருக்கு எந்த காலேஜும் அனுப்பி வைக்கல. வேலை செய்ய வந்தவங்க ஷெட்டுலயே கத்துக்கிட்டாங்க. ஒரு மனுஷன் எவ்வளவு சீக்கிரம் தொழில் கத்துக்க முடியும்னு அவர் தன் கையிலயும் பார்த்தார், தன் ஷெட்டுலயும் பார்த்தார். பின்னாடி அவர் போட்ட சண்டைக்கெல்லாம் விதை இங்கேதான்.

மோட்டார், ரேஸர், ரேடியோ

1930-களின் தொடக்கத்தில் நீலகிரி பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்தது. மில்களுக்கும் கிணறுகளுக்கும் மோட்டார் தேவைப்பட்டது. எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இவரும் சேர்ந்து பீளமேட்டில் நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸில் மின்மோட்டார் செய்தார்கள். இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். இன்றைக்கு நாடு முழுக்க மோட்டார், பம்ப் என்றாலே கோயம்புத்தூர் ஞாபகம் வருகிறதென்றால் அந்தப் பீளமேட்டு ஷெட்டுக்கு அதில் பங்கு உண்டு.

அதே ஊர்லதான் 1960-ல் எல்ஜி தொடங்குச்சு. இன்னைக்கு உலகம் முழுக்க ஏர் கம்ப்ரசர் விக்கிற கம்பெனி. நாயுடுவோட கம்பெனி இல்ல அது. ஆனா மோட்டார் செய்யத் தெரிஞ்ச கைகள் இருக்குற ஊர்லதான் கம்ப்ரசர் செய்யுற கைகளும் கிடைக்கும். தொழில் அப்படித்தான் ஒரு ஷெட்டுல இருந்து இன்னொரு ஷெட்டுக்குப் பரவும்.

மத்ததை வேகமா சொல்லிடுறேன், ஏன்னா இது நீங்க ஏற்கெனவே கேட்டதுதான். ரசாண்ட் என்ற மின் சவர ரேஸர். ரொம்ப மெல்லிய பிளேடு. பழச்சாறு பிழியும் கருவி. மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன். கள்ள ஓட்டுப் போட முடியாத வாக்குப்பதிவு இயந்திரம். 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்ய முடியும் என்று அறிவித்தார். 1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார், விலை 2000 ரூபாய். அதைத் தயாரிக்க அரசு லைசென்ஸ் கொடுக்கவில்லை. நடுவில் உலகம் சுற்றினார். 1936-ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தன் கேமராவில் தானே படம் பிடித்தார். பருத்தியிலும் பப்பாளியிலும்கூட கை வைத்தார்.

இந்த லிஸ்டை அவரே பெருசா நினைச்ச மாதிரி எனக்குத் தெரியல. 1944-ல் மோட்டார் தொழிலில் இருந்து விலகினார். பணத்தையும் நேரத்தையும் கல்விப் பக்கம் திருப்பினார். வகுப்பில் உட்கார முடியாத பையன் காலேஜ் கட்டப் போனார்.

ஹோப் காலேஜ்

கோயம்புத்தூர் போனவங்களுக்கு அவிநாசி ரோட்டுல ஹோப் காலேஜ்னு ஒரு ஸ்டாப்பிங் தெரியும். கண்டக்டர் கத்துவார், இறங்குவீங்க, சுத்திப் பார்த்தா அந்தப் பேருல அங்க காலேஜ் இருக்காது. 1945-ல் நாயுடுவின் உதவியோடு அங்கே ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரியும் தொடங்கின. அப்போதைய மதராஸ் கவர்னரின் பெயர் அது. பிற்பாடு அந்தக் கல்லூரிதான் தடாகம் ரோட்டுக்கு இடம் மாறி அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆனது. நாம ஜி.சி.டி.ன்னு சொல்றோமே, அதுதான். பேர் மட்டும் ஸ்டாப்பிங்ல தங்கிருச்சு.

நாயுடு அங்கே பிரின்சிபால். ஆரம்பப் பள்ளி தாண்டாதவர் இன்ஜினியரிங் காலேஜுக்கு பிரின்சிபால். இன்னைக்கு இது நடக்குமா?

பிரின்சிபால் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவருக்கு ஒரு விஷயம் உறுத்தியது. எதற்கு நாலு வருஷம்? இரண்டு வருஷத்தில் சொல்லிக்கொடுக்கக்கூடியதை நாலாக இழுப்பது பையன்களின் வயதையும் அவர்கள் வீட்டுப் பணத்தையும் வீணாக்குவது என்று அவர் நினைத்தார். கையில் வேலை கொடுத்து, பக்கத்தில் நின்று, தேவையானதை மட்டும் சொல்லிக்கொடுத்தால் பாதி நாளில் முடியும் என்பது அவர் கட்சி. பிரிட்டிஷ் அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. பட்டம் என்றால் அதற்கென்று ஒரு கணக்கு உண்டு. நாயுடு ராஜினாமா செய்துவிட்டு வெளியே வந்தார்.

காலேஜ் நாலு வருஷக் கணக்கிலேயே நடந்தது. நல்லாவே நடந்தது. அங்க படிச்சவங்க நாட்டுல எங்கெங்கோ பெரிய இடத்துல இருக்காங்க. அதனால அவர் தோத்துட்டார்னு சுலபமா சொல்லிடலாம். நானும் செகண்ட் இயர்ல இதைப் படிச்சப்ப, பெரியவர் கொஞ்சம் ஓவராதான் போயிருக்கார்னு நினைச்சேன்.

கோபம்

அவர் கோபக்காரர்ங்கறதையும் சொல்லிடணும். சுதந்திரத்துக்குப் பிறகு வரிகளும் லைசென்ஸ் கெடுபிடிகளும் தன் கையைக் கட்டிப்போடுவதாக அவருக்குப்பட்டது. 1950-களில் ஒருமுறை தான் செய்த ரேடியோக்களையும் மற்ற சாமான்களையும் ஊரறிய உடைத்துப் போட்டு எதிர்ப்புத் தெரிவித்தார். இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு மனசு ஒப்பாது. உடைஞ்ச ரேடியோ ஒன்னு ஏதாவது ஒரு கிராமத்துப் பையன் கையில கிடைச்சிருந்தா அவன் அதைப் பிரிச்சுப் பார்த்திருப்பானே? ராஜினாமாவும் எனக்கு அதே மாதிரிதான் படுது. கட்சி ஜெயிக்கலைன்னா காலேஜை விட்டே போகணுமா? அவர் இருந்திருந்தா அந்த நாலு வருஷப் பசங்களுக்கு வாரத்துல ஒரு நாளாவது பிரிச்சு மாட்டத் தெரிஞ்சிருக்கும்.

ஆனா அவர் சும்மா உட்காரல. தொழிற்கண்காட்சி வைத்தார். அவிநாசி ரோட்டில் அவர் உருவாக்கிய அருங்காட்சியகத்தை இன்றும் நீங்கள் போய்ப் பார்க்கலாம். 1974 ஜனவரி 4 அன்று, 80 வயதில் காலமானார். அவருக்குப் பிறகு அவர் பேரில் உள்ள அறக்கட்டளை கோவையில் ஒரு தொழில்நுட்பப் பயிற்சி நிலையமும் நடத்துகிறது. கை வேலைக்கு முதலிடம் கொடுக்கும் பயிற்சி. 2025 அக்டோபரில் அவிநாசி ரோட்டில் 10 கிலோமீட்டர் நீளத்துக்குத் திறந்த மேம்பாலத்துக்கு அவர் பேரை வைத்தார்கள். அந்தப் பாலம் ஹோப் காலேஜ் ஸ்டாப்பிங்கைத் தாண்டித்தான் போகுது.

இப்போ காத்துக்கு வருவோம்

இந்தப் பொங்கலுக்கு முன்னாடி ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலையில எனக்கு இன்டர்ன்ஷிப். பேர் வேண்டாம். நல்ல மில், நல்ல மனுஷங்க. எனக்குக் கொடுத்த வேலை கம்ப்ரசர் ரூம் ரீடிங் எடுக்குறது.

மில்லுல காத்துக்கு என்ன வேலைன்னு கேப்பீங்க. வைண்டிங் மிஷின்ல நூல் அறுந்தா முடிச்சுப் போடுறது கை இல்ல, காத்து. ரெண்டு நூல் நுனியையும் பிரிச்சு, காத்தை வேகமா அடிச்சு, ஒன்னோட ஒன்னைப் பின்னிடும். அழுத்தம் குறைஞ்சா அந்த இணைப்பு நிக்காது. அதனால வைண்டிங் செக்ஷன்ல இருந்து கம்ப்ளெயின்ட் வரும். வந்தா மெயின்டனன்ஸ் அண்ணன் கம்ப்ரசர்ல செட்டிங்கை ஏத்துவார். 6.5 பார் இருந்தது 7 ஆகும், 7.5 ஆகும். கம்ப்ளெயின்ட் நிக்கும். எல்லாரும் நிம்மதி.

1 பார் ஏத்தினா கம்ப்ரசர் இழுக்குற கரண்ட் சுமார் 6, 7 சதவீதம் கூடும். இது நம்ம சிலபஸ்ல இருக்கு. அது மட்டும் இல்ல, அழுத்தம் ஏற ஏற லீக்கும் ஏறும். ஓட்டை அதே ஓட்டைதான், ஆனா பின்னாடி இருந்து தள்ளுற பலம் கூடிடுதே. காத்து பத்தலைன்னு அழுத்தத்தை ஏத்துறது, ஓட்டைக் குடத்துல தண்ணி நிக்கலைன்னு குழாயை இன்னும் திறந்து விடுற மாதிரி.

பொங்கலுக்கு மில் லீவு. மிஷின் எல்லாம் நிறுத்தியாச்சு. காத்தைத் தொட ஒரு ஆள் இல்ல. அண்ணன்கிட்ட கேட்டுக்கிட்டு ஒரு கம்ப்ரசரை மட்டும் ஓட விட்டோம். பைப் லைன் நிறைஞ்சா அது அன்லோடு ஆகி சும்மா சுத்தணும், அவ்வளவுதான். என் போன்ல ஸ்டாப்வாட்ச். 4 நிமிஷம் அன்லோடு, 2 நிமிஷம் லோடு. மறுபடி 4, மறுபடி 2. லோடு நேரத்தை மொத்த நேரத்தால வகுத்தா 6-ல 2. அதாவது அந்தக் கம்ப்ரசரோட கொள்ளளவுல மூணுல ஒரு பங்கு, யாருமே இல்லாத மில்லுல, ஓட்டை வழியா ஊருக்குள்ள போய்க்கிட்டு இருந்துச்சு.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசல. ஐ.டி.ஐ. ஃபிட்டர் படிச்சவர், 14 வருஷ சர்வீஸ். கம்ப்ரசரைக் கண்ணை மூடிக்கிட்டுப் பிரிச்சு மாட்டுவார், எனக்கு வால்வு பிளேட்டைக் கழட்டக் கத்துக்கொடுத்தது அவர்தான். ஆனா இந்த டெஸ்ட்டை அவருக்கு யாரும் சொல்லித் தரல. ஒரு ஸ்டாப்வாட்சும் ஒரு வகுத்தலும். அப்புறம் எனக்குப் பின்னாடி ஒரு வாளி சோப்புத் தண்ணியோட அவர் வந்தார். மிஷின் ஓடாத மில்லு அமைதியா இருந்துச்சு. அந்த அமைதியில எங்க பாத்தாலும் புஸ். பெரியப்பா கடைச் சத்தம்.

ஒரு கணக்கு பாருங்க. 7 பார் லைன்ல 3 மில்லிமீட்டர் ஓட்டை, அரிசி தடிமன்தான், கிட்டத்தட்ட 3 கிலோவாட் தின்னும். மில் ராவும் பகலும் ஓடும். 3 கிலோவாட், 24 மணி நேரம், 300 நாள்: 21,600 யூனிட். யூனிட் 8 ரூபாய்னு வெச்சுக்கிட்டா 1,72,800 ரூபாய். ஒரு ஓட்டைக்கு. அதை அடைக்க ஆகுற செலவு ஒரு கிளாம்ப், ரெண்டு சுத்து டெஃப்லான் டேப். பராமரிப்பு சரியில்லாத ஆலைகள்ல அழுத்தக் காத்துல 20, 30 சதவீதம் லீக்குல போறது உலகம் முழுக்க சகஜம். மீதிக் காத்தும் சும்மா வரல. கம்ப்ரசருக்குப் போற மின்சாரத்துல பெரும்பகுதி வெப்பமாத்தான் வெளிய போகுது. கடைசி முனையில வேலையா கிடைக்குறது பத்துல ஒரு பங்கு சொச்சம். ஆலையில இருக்குற சக்தி எல்லாத்துலயும் காத்துதான் விலை கூடினது, ஆனா ஓசின்னு நினைச்சு அதை வெச்சு உடுப்புல இருக்குற பஞ்சைத் தட்டுறோம். இது ஆபத்தும்கூட.

சரி, இதையெல்லாம் தெரிஞ்சவங்க யார்? 2001-ல் எரிசக்தி சேமிப்புச் சட்டம் வந்துச்சு, அடுத்த வருஷம் ஆற்றல் திறன் பணியகம் வந்துச்சு, எனர்ஜி ஆடிட்டர் தேர்வு வந்துச்சு. நல்ல விஷயம். ஆனா அது டிகிரி, டிப்ளமோக்காரங்களுக்கான தேர்வு. ஆடிட்டர் வருவார், அளப்பார், தடியா ஒரு ரிப்போர்ட் கொடுப்பார், போயிடுவார். அடுத்த மாசம் புதுசா ஒரு ஹோஸ் பைப் விட்டுப்போகும்போது பக்கத்துல நிக்கப் போறது அந்த ஃபிட்டர் அண்ணன்தான். அவருக்குப் பயிற்சி எங்க?

இங்கதான் எனக்கு ஜி.டி. நாயுடு ஞாபகம் வந்தார். அவர் கேட்டதும் இந்தக் கேள்விதானே. வேலை செய்யுற கைக்கு, வேலை நடக்குற இடத்துல, தேவையானதை மட்டும், சீக்கிரமா.

அப்போ நம்ம நாலு வருஷம் வேஸ்ட்டா?

இதை எங்க சார் ஒருத்தர்கிட்ட கேட்டேன். அவர் சிரிச்சுட்டு, அந்த லோடு டெஸ்ட் ஏன் சரியா வருதுன்னு எனக்கு விளக்கத் தெரியுமான்னு திருப்பிக் கேட்டார். தெரியும். உள்ளே இழுக்குற காத்து 4 டிகிரி சூடானா ஏன் 1 சதவீதம் கரண்ட் கூடுதுன்னும் தெரியும். சூடான காத்து கனம் குறைவு, அதே எடைக் காத்துக்கு அதிக வேலை. அதனாலதான் கம்ப்ரசர் ரூம்ல வெப்பத்தை வெளியேத்தணும். இந்த ஏன் எல்லாம் எனக்கு அந்த நாலு வருஷத்துல கிடைச்சது. நாயுடு மாதிரி ஆளுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் போதும். எனக்குப் போதாது. நூறு பேர்ல தொண்ணூத்தொம்பது பேருக்குப் போதாது. அந்த வகையில அவர் தன்னை வெச்சே எல்லாரையும் அளந்துட்டார்னு நினைக்குறேன்.

ஆனா இன்னொன்னையும் ஒத்துக்கணும். நம்ம தெர்மல் லேப்ல டூ ஸ்டேஜ் ஏர் கம்ப்ரசர் நிக்குது இல்ல? அதுல வால்யூமெட்ரிக் எஃபிஷியன்சி எடுத்தோமே, எத்தனை பேர் நிஜமா ரீடிங் எடுத்தோம்? எங்க பேட்ச்ல பாதிப் பேர் சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதினோம். நானும்தான். அந்த கம்ப்ரசர்லயே டிரெயின் வால்வு பக்கம் ஒரு லீக் இருக்கு. நாலு பேட்ச்சா புஸ்ஸுங்குது. அது பக்கத்துலயே நின்னு எஃபிஷியன்சி கணக்கு போட்டு பத்துக்குப் பத்து வாங்கியிருக்கோம்.

நாயுடு சொன்ன வீண் இதுதானோன்னு தோணுது. வருஷம் நாலா ரெண்டாங்கறது அப்புறம். அண்ணனுக்கு கை தெரியும், ஏன் தெரியாது. எனக்கு ஏன் தெரியும், கை தெரியாது. ரெண்டு பேரும் ஒரு வாளி சோப்புத் தண்ணியோட ஒரு நாள் நடந்தா போதும்ங்கற தூரத்துலதான் நிக்கிறோம். அந்த ஒரு நாளை யாரும் ஏற்பாடு பண்ணல, அவ்வளவுதான்.

ஆறு ஞாயிற்றுக்கிழமை

அதனால நாங்க நாலு பேர் ஒன்னு யோசிச்சிருக்கோம். நம்ம லேப்ல அந்த கம்ப்ரசர் செமஸ்டருக்கு ரெண்டு வாரம் ஓடுது, மீதி நாள் தூசி பிடிச்சு நிக்குது. ஞாயிற்றுக்கிழமைகள்ல அதை வெச்சு ஒரு ஆறு வார வகுப்பு. யாருக்கு? கப்பலூர் தொழிற்பேட்டையில வேலை பாக்குற ஃபிட்டர்கள், திருமங்கலம், பேரையூர், டி. கல்லுப்பட்டி பக்கத்து ஐ.டி.ஐ. பசங்க, பஞ்சர் கடைக்காரங்க யார் வந்தாலும்.

முதல் வாரம், கேஜ் பார்க்கவும் ஒரு நிமிஷக் காத்துக்கு எவ்வளவு ரூபாய்னு கணக்குப் போடவும். ரெண்டாவது வாரம், ஸ்டாப்வாட்ச் வெச்சு லீக் டெஸ்ட். மூணாவது, சோப்புத் தண்ணி, டேக் கட்டுறது, அடைக்குறது. நாலாவது, அழுத்தம் எங்க குறையுதுன்னு லைன்ல தேடுறது. அடைச்ச ஃபில்டர், சின்ன பைப், தேவையில்லாத வளைவு. அஞ்சாவது, உள்ளிழுக்குற காத்தோட சூடு, டிரெயின்ல தண்ணி, டிரையர். ஆறாவது, ஒரு பக்க லாக் ஷீட், தமிழ்ல. பரீட்சை கிடையாது. கடைசி வாரம் அவங்கவங்க வேலை செய்யுற இடத்துல டெஸ்ட் எடுத்து, லீக் எத்தனை சதவீதம்னு வந்து சொன்னா பாஸ்.

டிபார்ட்மென்ட்ல லெட்டர் கொடுத்திருக்கோம். சேஃப்டிக்கு யார் பொறுப்பு, ஞாயிற்றுக்கிழமை லேப் சாவி யார்கிட்ட, வெளி ஆட்களை கேம்பஸுக்குள்ள விடலாமான்னு கேள்வி வந்திருக்கு. நியாயமான கேள்விதான். பதில் எழுதிக்கிட்டு இருக்கோம். ஒத்துக்கலைன்னா ராஜினாமா பண்ண எங்களுக்குப் பதவி எதுவும் இல்ல, அது ஒரு வசதி. மறுபடி லெட்டர் கொடுப்போம்.

ஆனா நாங்க மே மாசம் வெளிய போயிடுவோம். இதைப் படிக்குற செகண்ட் இயர், தேர்ட் இயர் தம்பி தங்கச்சிங்களே, அதான் உங்ககிட்ட சொல்றேன். கூட நிக்க ஆள் வேணும். மெக்கானிக்கல்தான்னு இல்ல, எந்த டிபார்ட்மென்ட்டா இருந்தாலும் வாங்க. லாக் ஷீட்டை நல்ல தமிழ்ல எழுதித் தர்ற ஆள் முதல்ல வேணும், எங்க நாலு பேர் தமிழும் இந்தக் கட்டுரை லட்சணத்துலதான் இருக்கு.

அண்ணன் நேத்து போன் பண்ணினார். பொங்கலுக்கு அப்புறம் லீக்கை எல்லாம் ஷிஃப்ட் ஷிஃப்ட்டா அடைச்சு, செட்டிங்கை மறுபடி 6.5-க்கு இறக்கிட்டாராம். வைண்டிங்ல இருந்து கம்ப்ளெயின்ட் வரலையாம். வர்ற சித்திரைத் திருவிழா லீவுல மறுபடி டெஸ்ட் எடுக்கப் போறேன், அந்த வகுத்தலை இன்னொரு தடவை சொல்லுன்னு கேட்டார். லோடு நேரத்தை மேல போடுங்கண்ணே, ரெண்டு நேரத்தையும் கூட்டிக் கீழ போடுங்கன்னு சொன்னேன். எழுதிக்கிட்டார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை எப்போன்னு நோட்டீஸ் போர்டுல போடுவோம். அதுக்கு முன்னாடி, நாளைக்கு லேப் பக்கம் போனா அந்த டிரெயின் வால்வுகிட்ட ஒரு நிமிஷம் நின்னு கேளுங்க.